நுரையீரலில் தனியாக ஒரு புள்ளி: எப்போது காத்திருப்பது, எப்போது அறுவை?

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே கேட்பார். வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு விசா பரிசோதனையில் எக்ஸ்ரே உண்டு. பைக்கிலிருந்து விழுந்து விலா வலிக்கிறது என்று சிடி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இப்படி வேறு எதற்கோ எடுத்த படத்தில்தான் பெரும்பாலும் அது கண்ணில் படுகிறது. 'வலது மேல் மடலில் 12 மில்லிமீட்டர் நாடியூல்' என்று அறிக்கையில் ஒரே ஒரு வரி இருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். "எப்பவோ வந்து போன டிபி தழும்பா இருக்கும், விடுங்க" என்பார் ஒருவர். "புற்றுநோயா இருந்தா என்ன பண்றது, உடனே எடுத்துடலாம்" என்பார் இன்னொருவர். இரண்டுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் எது உண்மை என்று ஒரே ஒரு படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடிவது சில நேரங்களில் மட்டுமே. மற்ற நேரங்களில் பதில் இரண்டே வழிகளில் வரும். ஒன்று காலம்: பழைய படத்தோடு ஒப்பிட்டு, வளர்கிறதா என்று பார்ப்பது. மற்றொன்று திசு: ஒரு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. சிடி, உடலில் எங்கே செல்கள் வேகமாக வேலை செய்கின்றன என்று காட்டும் பெட் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் இந்த இரண்டில் எதை, எவ்வளவு சீக்கிரம் கையில் எடுப்பது என்று முடிவு செய்வதற்கான உதவிகளே.

மருத்துவர்கள் எதை நாடியூல் என்கிறார்கள்? நுரையீரலுக்குள், சுற்றிலும் காற்று நிறைந்த நுரையீரல் சூழ, ஏறத்தாழ உருண்டையாக இருக்கும் 3 சென்டிமீட்டர் வரையிலான நிழலை. அந்த அளவைத் தாண்டினால் அதைக் கட்டி என்றே சொல்வார்கள். புற்றாக இருக்கும் வாய்ப்பு அங்கே மிக அதிகம் என்பதால் அணுகுமுறையும் வேறு. 'தனி' என்ற அடைமொழிக்கும் பொருள் இருக்கிறது. ஒன்றுதான் இருக்க வேண்டும், பக்கத்தில் நுரையீரல் சுருங்கியிருக்கக் கூடாது, நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருக்கக் கூடாது.

எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு எடுக்கக் கூடாது. 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த புள்ளி அதில் பெரும்பாலும் தெரியாது. இதயத்தின் பின்னாலும் காரை எலும்பின் அடியிலும் ஒளிந்திருப்பது தப்பிவிடும். மறுபுறம், இல்லாத ஒன்று இருப்பதுபோலவும் காட்டும். முலைக்காம்பின் நிழல், தோலில் உள்ள மரு, எப்போதோ உடைந்து கூடிய விலா எலும்பு, கழற்ற மறந்த சட்டைப் பொத்தான் எல்லாம் நாடியூல் வேஷம் போடும். அதனால் அடுத்த படி பெரும்பாலும் சிடிதான். மெல்லிய அடுக்குகளாக, 1 மில்லிமீட்டர் அளவில் வெட்டிக் காட்டும் சிடி வேண்டும்.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்று பலரும் கேட்பார்கள். நுரையீரல் திசுவில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் வெளி உறையைத் தொட்டால்தான் வலிக்கும். ஆகவே 2 சென்டிமீட்டர் புற்றுக்கட்டிகூட ஓர் இருமல் இல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். தொந்தரவு இல்லை என்பதை நல்ல செய்தியாகவும் கொள்ள முடியாது, கெட்ட செய்தியாகவும் கொள்ள முடியாது.

அது என்னவாக இருக்கலாம்?

உலகெங்கும் தீங்கற்ற நாடியூல்களில் பெரும்பகுதி பழைய தொற்றுகள் விட்டுப்போன வடுக்கள். அமெரிக்காவின் ஒஹாயோ, மிசிசிப்பி ஆற்றுப் படுகைகளில் வாழ்பவர்களுக்கு ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை அந்த வடுவைத் தருகிறது. நமக்கு அதைத் தருவது காசநோய்க் கிருமி. உலகில் புதிதாகக் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். சிறுவயதில் கிருமி உள்ளே போய், உடலின் எதிர்ப்பு சக்தி அதைச் சுற்றிச் சுவர் கட்டி, பிறகு சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன தடம், தனக்கு டிபி வந்ததே தெரியாதவர்களின் நெஞ்சிலும் இருக்கும். இப்படிச் சுவர் கட்டிய உருண்டையின் உள்ளே இன்னும் கிருமி உயிரோடு இருந்தால் அதை டியூபர்குலோமா என்பார்கள்.

ஹமார்ட்டோமா என்பது குருத்தெலும்பும் கொழுப்பும் கலந்த சாதுவான கட்டி. நாய்களிடமிருந்து வரும் நாடாப்புழுவின் நீர்க்கட்டியும் உருண்டையாகத் தெரியும். ரத்தக்குழாய்கள் பின்னிச் சுருண்ட முடிச்சும் அப்படியே தெரியும். அதற்குள் ஊசி குத்தினால் ஆபத்து என்பதால் சிடியில் அதற்குப் போகும் ரத்தக்குழாயைத் தேடிப் பார்ப்பது அவசியம்.

தீங்கான பக்கத்தில் முதலில் வருவது நுரையீரலிலேயே தோன்றும் புற்று, அதிலும் குறிப்பாக அடினோகார்சினோமா என்ற வகை. அடுத்தது மார்பகம், பெருங்குடல், சிறுநீரகம் போன்ற வேறு இடத்துப் புற்றிலிருந்து வந்து படிந்தது. மூன்றாவது, மெதுவாக வளரும் கார்சினாய்டு. முன்பு எந்தப் புற்றுக்காவது சிகிச்சை எடுத்தவர் அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கணக்கே மாறிவிடும்.

படம் சொல்லும் குறிப்புகள்

முதல் குறிப்பு அளவு. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த திடமான நாடியூல் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. 2 சென்டிமீட்டரைத் தாண்டியவற்றில் பாதிக்கு மேல் புற்று என்றே மேலை நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது விளிம்பு. வழவழப்பான விளிம்பு ஆறுதல் தரும், ஆனால் உத்தரவாதம் தராது. வெளியே பரவியதுபோன்ற நீண்ட இழைகளோடு, கதிர் விரித்த விளிம்பு இருந்தால் சந்தேகம் வலுவாகிறது.

மூன்றாவது சுண்ணாம்பு. நடுவில் திரண்டிருந்தாலும், வளையம் வளையமாக இருந்தாலும், முழுதும் நிறைந்திருந்தாலும் அது பழைய தொற்றின் தடம். சோளப்பொரி வடிவில் இருந்தால் ஹமார்ட்டோமா. உள்ளே கொழுப்பு தெரிந்தாலும் அதே முடிவுதான். இந்த வடிவங்கள் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும், மேற்கொண்டு ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ஆனால் ஒரு ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் ஏமாந்துவிடக் கூடாது. பழைய தழும்பை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் புற்று வளர்ந்தாலும் அப்படித்தான் தெரியும்.

நான்காவது அடர்த்தி. கோவிட் காலத்தில் நம் காதில் அடிக்கடி விழுந்த 'கிரவுண்ட் கிளாஸ்' என்ற சொல் இங்கேயும் வரும். பின்னால் உள்ள ரத்தக்குழாய்களை மறைக்காமல் மங்கலாகத் தெரியும் நிழல் அது. தொற்றாக இருந்தால் சில வாரங்களில் மறையும். மறையாமல் நிலைத்தால் மிக மெதுவாக வளரும் ஆரம்பநிலைப் புற்றாக இருக்கலாம். அந்த மங்கலுக்குள் கெட்டியான ஒரு பகுதி உருவாகியிருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும்.

இவற்றோடு ஆளையும் பார்க்க வேண்டும். வயது, சிகரெட், பீடி, குடும்பத்தில் நுரையீரல் புற்று, கல்நார் போன்ற தூசுகளில் வேலை, நுரையீரலின் மேல் மடலா கீழ் மடலா என்பதெல்லாம் கணக்கில் சேரும். இதற்கென்றே கணித வாய்பாடுகள் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 1997-ல் ஒன்று, கனடாவிலிருந்து 2013-ல் 'பிராக்' என்று அழைக்கப்படும் இன்னொன்று. இணையத்தில் யாரும் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். நான் போட்டுப் பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன். அவை காசநோய் அரிதான மக்களிடமிருந்து திரட்டிய தரவில் பிறந்தவை. மேல் மடலில் இருந்தால் புற்று வாய்ப்பு கூடுதல் என்பது அவற்றின் கணக்கு. காசநோயும் மேல் மடலைத்தான் விரும்புகிறது என்பதால், நம் ஊரில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதேபோல, புகைக்காதவர் என்பதால் புற்று இருக்காது என்ற முடிவும் இங்கே தவறு. ஆசியாவில், குறிப்பாகப் பெண்களில், ஒரு முறைகூடப் புகைக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்று கணிசமானது.

பழைய படம் எங்கே?

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பழைய எக்ஸ்ரேயையும் சிடியையும் தேடி எடுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நிமோனியாவுக்காக எடுத்த சிடியில் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், பல ஆயிரம் ரூபாய் பரிசோதனைகளும் ஓர் ஊசியும் அதோடு தேவையில்லாமல் போகலாம். அன்று இல்லாத ஒன்று இன்று இருந்தால், அதுவும் உடனே தெரிந்தாக வேண்டிய செய்தி.

ஏன் வளர்ச்சிக்கு இத்தனை மதிப்பு? திடமான புற்றுக்கட்டி பெரும்பாலும் 20 நாளிலிருந்து 400 நாளுக்குள் தன் கன அளவை இரட்டிப்பாக்கும். அதைவிட வேகமாகப் பெருத்தால் தொற்றாக இருக்கலாம். மிக மெதுவாக வளர்ந்தால் தீங்கற்றதாக இருக்கலாம். திடமான நாடியூல் இரண்டு ஆண்டுகள் கொஞ்சமும் வளரவில்லை என்றால் அதைச் சாதுவாகக் கொள்ளலாம் என்ற நெடுநாள் விதி இந்தக் கணக்கிலிருந்தே வந்தது. கிரவுண்ட் கிளாஸ் வகைக்கு இந்த விதி செல்லாது. அவை இரட்டிப்பாக இரண்டு ஆண்டுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும் என்பதால் ஐந்து ஆண்டு பார்க்கச் சொல்கிறார்கள்.

இங்கே கண்ணை ஏமாற்றும் ஒரு கணக்கு இருக்கிறது. உருண்டையின் கன அளவு இரட்டிப்பாக, அதன் விட்டம் நூற்றுக்கு 26 பங்கு கூடினால் போதும். 10 மில்லிமீட்டர் நாடியூல் 12.6 மில்லிமீட்டர் ஆகியிருந்தால் "ரெண்டரை மில்லிதானே" என்று தோன்றும். ஆனால் அது இரண்டு மடங்காகிவிட்டது. அதே சமயம் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் அளப்பவரின் கை மாறியதாலும் வரலாம். அதனால் 2 மில்லிமீட்டருக்குக் குறையாத மாற்றத்தையே வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே சென்டரில், ஒரே முறையில் எடுப்பது நல்லது. ரிப்போர்ட் தாளை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. ஒப்பிடுவதற்குப் படம் வேண்டும். சிடி எடுத்த இடத்தில் தரும் டிஸ்க்கை, அல்லது அதிலுள்ள கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

காத்திருக்கச் சொன்னால் பலருக்கும் கோபமே வருகிறது. "மூணு மாசத்துல பரவிடாதா?" என்ற கேள்வி நியாயமானது. 1 சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கும் என்பது மருத்துவர்கள் போடும் தோராயக் கணக்கு. ஒரு செல் 30 முறை இரட்டித்தால் அந்த எண் வரும். அதாவது, நம் கண்ணுக்கு இன்று பட்டாலும் அதன் பிறப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. வாய்ப்பு குறைந்த சிறிய புள்ளிக்குச் சில மாதம் காத்திருப்பதால் இழப்பது மிகக் குறைவு. அவசரமாக எல்லாவற்றையும் குத்தியும் வெட்டியும் பார்த்தால் இழப்பது அதைவிட அதிகம்.

நெஞ்சுப் படங்களைப் படிக்கும் வல்லுநர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கத்தின், உலகெங்கும் பின்பற்றப்படும் 2017 வழிகாட்டி சொல்வது சுருக்கமாக இதுதான். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த திடமான தனி நாடியூல், ஆபத்துக் காரணிகள் இல்லாதவரிடம் இருந்தால் தொடர் ஸ்கேன் தேவையில்லை. ஆபத்துக் காரணிகள் இருந்தால் 12 மாதத்தில் ஒரு முறை பார்க்கலாம். 6 முதல் 8 வரை என்றால் 6-லிருந்து 12 மாதத்துக்குள் சிடி. 8-க்கு மேல் என்றால் 3 மாதத்தில் சிடி, அல்லது பெட், அல்லது திசுப் பரிசோதனை என்று ஆளைப் பொறுத்து முடிவு. 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே புற்று உள்ளவர்களுக்கும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தாது என்று அவர்களே சொல்கிறார்கள்.

பெட் ஸ்கேன் வெளிச்சமும் ஊசி முனையும்

8 மில்லிமீட்டருக்கு மேல், சந்தேகம் நடுத்தரமாக இருக்கும்போது பெட் சிடி பேச்சு வரும். கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை ரத்தத்தில் ஏற்றி, எங்கே அதிகம் உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பார்கள். வேகமாக வேலை செய்யும் செல்கள் ஒளிரும். புற்றுச் செல் ஒளிரும், காசநோய்க் கிருமியோடு சண்டையிடும் வெள்ளணுக்களும் அதே அளவு ஒளிரும். நம் ஊரில் பெட்டில் ஒளிர்ந்தது என்பதை மட்டும் வைத்துப் புற்று என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஒளிராததாலும் விடுதலை கிடைப்பதில்லை. கார்சினாய்டும் மெதுவாக வளரும் அடினோகார்சினோமாவும் சில நேரம் ஒளிராது. 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றை பெட்டால் சரியாகப் பிடிக்க முடியாது. இதற்கெல்லாம் மேல் பெட்டின் உண்மையான பலன் வேறு. புற்றாக இருந்தால் வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்பதை உடல் முழுதும் காட்டிவிடும். சர்க்கரை நோயாளிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் படம் தெளிவாக வராது என்று பொதுவாகத் தேதியை மாற்றிவிடுவார்கள்.

திசு எடுக்க இரண்டு பாதைகள். நெஞ்சின் ஓரமாக இருக்கும் புள்ளிக்கு, சிடி மேஜையில் படுக்க வைத்து, மரத்துப்போகும் மருந்து போட்டு, வெளியிலிருந்து ஊசி செலுத்துவார்கள். மூச்சுக்குழாயை ஒட்டி உள்ளே இருப்பதற்கு பிராங்கோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது. பெரிய மையங்களில் அதன் நுனியில் அல்ட்ராசவுண்டும் இருக்கும். ஊசிமுறையின் முக்கியமான தொல்லை, நுரையீரல் உறைக்குள் காற்று கசிவது. ஆறேழு பேரில் ஒருவருக்குக் கசியலாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் ஓரிரு நாள் குழாய் போட வேண்டிவரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் எப்போது நிறுத்துவது என்று கேட்டு நிறுத்த வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

எடுத்த துண்டை எதில் போடுகிறார்கள் என்பதும் முக்கியம். ஃபார்மலின் திசுவைக் காக்கும், கிருமியைக் கொன்றுவிடும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது. ஒரு பகுதியைச் சலைனில் போட்டு, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். "டாக்டர், டிபி டெஸ்டுக்கும் அனுப்புறீங்களா?" என்று பயாப்சிக்கு முன்னாலேயே கேட்பதில் தவறே இல்லை.

முடிவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 'கிரானுலோமா (எதிர்ப்பு செல்கள் திரண்ட முடிச்சு), காசநோய்க் கிருமி உள்ளது', 'ஹமார்ட்டோமா' என்று பெயர் சொல்லி வந்தால் அது பதில். 'நாள்பட்ட அழற்சி, புற்றுச் செல்கள் காணப்படவில்லை' என்று மட்டும் வந்தால் அது பதில் ஆகாது. ஊசி புள்ளியின் ஓரத்தைத் தொட்டிருக்கலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் மீண்டும் எடுக்க வேண்டும், அல்லது நேராக அறுவைக்குப் போக வேண்டும்.

எனக்கு மனம் பொறுக்காத ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மேல் மடலில் நிழல், சளியில் கிருமி இல்லை, திசு எடுக்கவில்லை. ஆனாலும் "டிபியாத்தான் இருக்கும்" என்று ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் அந்த ஊகம் பல முறை சரியாகவே இருக்கும், அதனால்தான் அது இத்தனை ஆபத்து. அது தவறாகிப்போகும் நோயாளிக்கு, கத்தியால் குணமாகியிருக்கக்கூடிய கட்டி அந்த ஆறு மாதத்தில் கைமீறிப் போகலாம். இந்தியாவில் நுரையீரல் புற்று தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு, முதலில் காசநோய் என்று மருந்து கொடுப்பது ஒரு முக்கியக் காரணம் என்று இங்குள்ள மருத்துவர்களே திரும்பத் திரும்ப எழுதி வருகிறார்கள். தவிர்க்க முடியாமல் ஊகத்தில் தொடங்கினாலும், இரண்டு மூன்று மாதத்தில் மறு சிடி எடுக்கும் தேதியை அன்றே குறித்துவிட வேண்டும். அப்போது பெரிதாகியிருந்தால் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டு காத்திருக்கக் கூடாது. டியூபர்குலோமாவே சிகிச்சையின் நடுவில் சற்றுப் பெருப்பதுண்டு என்பது உண்மை. அதனால்தான் அந்த இடத்தில் திசு மட்டுமே தீர்க்க முடியும்.

அறுவை

புற்று வாய்ப்பு வலுவாக இருக்கிறது, உடல் தாங்கும், வேறு எங்கும் பரவவில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் அறுவையே நோயறியும் வழியாகவும் சிகிச்சையாகவும் ஆகிறது. அமெரிக்க நெஞ்சு மருத்துவர்கள் கல்லூரியின் 2013 வழிகாட்டி, வாய்ப்பு நூற்றுக்கு 65-க்கு மேல் என்றால் நேராக அறுவைக்குப் போகலாம் என்கிறது. 5-க்குக் கீழே என்றால் கண்காணிப்பு.

நுரையீரல் புற்றுக்காக ஒரு முழு நுரையீரலையும் ஒரே அமர்வில் எடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் வெற்றி, 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எவர்ட்ஸ் கிரஹாம் செய்தது. நோயாளியும் ஒரு மருத்துவர்தான். அதன் பிறகு அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். சிகரெட்டையும் நுரையீரல் புற்றையும் இணைத்துக் காட்டிய 1950-ஆம் ஆண்டு ஆய்வில் கிரஹாமும் ஒருவர். நெடுங்காலம் புகைத்த அவர் 1957-ல் நுரையீரல் புற்றாலேயே இறந்தார். அவர் காப்பாற்றிய நோயாளி அவரைவிட நீண்ட நாள் இருந்தார்.

முழு நுரையீரலிலிருந்து மடலுக்கு, மடலிலிருந்து அதன் கூறுக்கு என்று எடுக்கும் அளவு அதன் பிறகு படிப்படியாகக் குறைந்தது. வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. ஒவ்வொரு மடலும் தனித்தனிக் கூறுகளாகப் பிரியும். 1995-ல் வெளியான ஆய்வு, மடலைவிடக் குறைவாக எடுத்தவர்களுக்கு அதே இடத்தில் புற்று திரும்புவது மூன்று மடங்கு என்று காட்டியதால் மடல் அகற்றமே நீண்ட நாள் விதியாக இருந்தது. 2022-ல் ஜப்பானிலிருந்து 1,106 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு வந்தது. ஓரத்தில் இருக்கும், 2 சென்டிமீட்டர் வரையிலான புற்றில் ஒரு கூறை மட்டும் எடுத்தவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பின் 94.3 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். மடல் எடுத்தவர்களில் அது 91.1. அதே இடத்தில் திரும்புவது மட்டும் கூறு எடுத்தவர்களிடம் கூடுதல்: அவர்களில் 10.5 விழுக்காடு, மடல் எடுத்தவர்களில் 5.4. மறு ஆண்டு அமெரிக்கா சார்ந்த ஆய்வும் சிறிய கட்டிகளுக்குக் குறைவாக எடுப்பது சோடை போகவில்லை என்றது. ஆகவே சிறிய கட்டி உள்ளவர்கள் "முழு மடலும் எடுக்கணுமா, ஒரு கூறு போதுமா?" என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் நுரையீரலின் திறனை ஊதிப் பார்க்கும் சோதனையும், ரத்தத்துக்குள் வாயு எவ்வளவு கடக்கிறது என்ற சோதனையும் உண்டு. மூன்று மாடி நிற்காமல் ஏற முடிகிறதா என்பது பழைய கேள்வி. இன்றும் அதற்கு மதிப்பு இருக்கிறது. புகைப்பவர் அன்றே நிறுத்த வேண்டும்.

மேஜையில் நடப்பது இது. இரண்டு வழிகள் கொண்ட குழாயை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, ஒரு நுரையீரலை மட்டும் இயங்கவிட்டு, அறுவை நடக்கும் பக்கத்தைச் சுருங்க வைப்பார்கள். நோயாளி பக்கவாட்டில் படுத்திருப்பார். விலா இடுக்கில் ஒன்று முதல் மூன்று சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் போகும். நெஞ்சை அகலத் திறந்த காலத்தில் கையால் தடவிக் கண்டுபிடித்த சிறு புள்ளியை இப்போது அப்படித் தடவ முடியாது. அதனால் ஆழமான, மங்கலான புள்ளிகளுக்கு முன்கூட்டியே சிடியில் வைத்து ஒரு மெல்லிய கொக்கிக் கம்பியோ, சுருளோ, சாயமோ வைத்து அடையாளப்படுத்துவார்கள்.

முதலில் புள்ளியை மட்டும் சுற்றியுள்ள திசுவோடு ஆப்பு வடிவில் ஸ்டேப்ளரால் வெட்டி, பைக்குள் போட்டு எடுத்து, உறையவைத்து உடனே பரிசோதிக்க அனுப்புவார்கள். அரைமணி நேரத்துக்குள் பெத்தாலஜிஸ்டிடமிருந்து செய்தி வரும். தீங்கற்றது என்றால் அத்தோடு முடித்துவிடுவார்கள். புற்று என்றால் அதே மயக்கத்திலேயே கூறையோ மடலையோ அகற்றி, நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். இந்த இரண்டு கட்ட ஏற்பாட்டை நோயாளி முன்பே அறிந்து கையெழுத்திட்டிருக்க வேண்டும். துளை வழியே தொடங்கி, நடுவில் நெஞ்சைத் திறக்க நேர்வதும் உண்டு. பழைய காசநோயால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கும், சுண்ணாம்பு ஏறிய நிணநீர் முடிச்சுகள் ரத்தக்குழாயைப் பிடித்திருக்கும். நம் நோயாளிகளிடம் இது அபூர்வம் இல்லை. அப்போது திறப்பதே பத்திரமான முடிவு.

பிறகு நெஞ்சுக் குழாயும், தண்ணீர் போட்ட பாட்டிலும் சில நாள் கூட இருக்கும். குமிழி வந்துகொண்டிருந்தால் காற்று கசிகிறது என்று பொருள், நின்றதும் குழாயை எடுப்பார்கள். கசிவு நீடிப்பது, இதயத் துடிப்பு தாறுமாறாவது, நிமோனியா ஆகிய மூன்றும் எதிர்பார்க்க வேண்டிய சிக்கல்கள். வலி மாத்திரையைச் சிக்கனம் செய்யக் கூடாது, வலித்தால் இருமமாட்டார்கள், இருமாவிட்டால் சளி தேங்கும். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள கருவியைக் கையில் கொடுப்பார்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மெதுவாக உள்ளே இழுத்துப் பந்தை உயர்த்தி நிறுத்த வேண்டும். மடல் ஒன்று போன பிறகும், சில மாதங்களில் மீதி நுரையீரல் விரிந்து, அன்றாட வேலைக்குப் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். அறுவை தாங்காத உடல் என்றால், சிறு கட்டியைத் துல்லியமாகக் குறிவைக்கும் கதிர்வீச்சு நல்ல மாற்று.

இத்தனை பாடும் எதற்கு என்றால், 1 சென்டிமீட்டருக்குள் பிடிபட்ட, பரவாத நுரையீரல் புற்றில் ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேர் என்று பன்னாட்டுத் தரவு சொல்கிறது. உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அதே தரவில் அந்த எண் 10-க்கு மேல் போகவில்லை.

சிலருக்கு எல்லாம் முடிந்து, 'புற்று இல்லை, காசநோய்' என்று முடிவு வரும். "தேவையில்லாம வெட்டிட்டாங்களே" என்று குடும்பம் கொதிப்பதும் புரிகிறது. காசநோயும் புற்றும் ஒரே முகத்தோடு வரும் ஊரில், ஊசியால் பதில் கிடைக்காத சந்தேகத்தைத் தீர்க்கச் சில நேரம் இந்த விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. கட்டியை எடுத்துவிட்டதால் நோய் போய்விட்டது என்று எண்ணி வீட்டுக்குப் போய்விடக் கூடாது. சலைனில் அனுப்பிய துண்டின் முடிவைக் கேட்டு வாங்கி, கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்த்து, எத்தனை மாதம் சாப்பிட வேண்டும் என்று நெஞ்சு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாத்திரைகளை அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பெறலாம்.